சிறுநீர்ப்பைக்குக் கீழே ஒரு மொட்டு

பயம் இல்லை. பயமாக இருந்திருந்தால் கரண்டியைக் கையில் எடுத்தே இருக்க மாட்டேன்.

உங்கள் பேரனுக்குக் காய்ச்சல், மாமா. கிளினிக்கில் சிரப் தீர்ந்துபோயிருந்தது. பாதி மாத்திரையைப் பொடித்துப் பழத்தில் குழைத்துக் கொடுங்கள் என்றார்கள். இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். நொறுங்கும் சிறு சத்தம். பிறகு அந்த வாசனை. கனிந்த வாழைப்பழம், அதற்கடியில் ஒரு கசப்பு. கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் மகன் ஹாலிலிருந்து பார்த்துவிட்டு, இன்னும் பயமா என்று கேட்டார்.

இல்லை என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்ல வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. நீங்கள் இருந்தபோது நாம் இருவரும் பேசாமல் விட்டதெல்லாம் ஒரே ஓர் உறுப்பைப் பற்றித்தான்.

அத்தை இறந்த பிறகு உங்களை ஊரில் தனியாக விட மனம் வராமல் உங்கள் மகன் அஜ்மானுக்கு அழைத்து வந்தார். எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரே ஒரு குளியலறை. ஹால் சோபாவை விரித்தால் அது உங்கள் கட்டில். உங்கள் மகன் விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஜெபல் அலிக்குப் போய்விடுவார். ஷார்ஜா டிராஃபிக்கைக் கடந்து அவர் திரும்பும்வரை வீட்டில் நீங்களும் நானும்.

இருபது வருடத்துக்கும் மேல் சவுதியில், யான்புவில் பைப் ஃபிட்டராக இருந்தவர் நீங்கள். எங்கள் சமையலறைக் குழாய் சொட்டுவதை வந்த அன்றே நிறுத்தினீர்கள். உங்கள் மகன் பிறந்த செய்தி உங்களுக்குத் தந்தியாக வந்தது. நேரில் பார்த்தபோது அவர் நடக்கத் தொடங்கியிருந்தாராம். "கட்டிலுக்க அடியில போய் இருந்துகிட்டான் பிள்ளே. மிட்டாயக் காட்டித்தான் வெளிய எடுத்தேன்." சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். ஒருமுறைதான் சொன்னீர்கள்.

குளியலறைக்குள் போனதும் குழாயை முழுதாகத் திறந்துவிடுவீர்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் வர வெகு நேரமாகும். முதலில் எனக்குப் புரியவில்லை. உள்ளே எந்தச் சத்தமும் வராததை மறைக்கத்தான் அந்தக் குழாய் என்று பிறகு தெரிந்தது.

நான் உண்டானதும் எனக்கும் அதே கதவு அடிக்கடி தேவைப்பட்டது. ஒரு கதவுக்கு முன்னால் இருவர். இரண்டு பேருக்கும் அவசரம், இரண்டு பேருக்கும் கூச்சம்.

"நீ போ பிள்ளே."

"நீங்க போங்க மாமா, நான் இருக்கேன்."

"போன்னு சொல்லுதேன். நீ எக்ஸ்பிரஸ். நான் கூட்ஸ் வண்டி, ஒவ்வொரு கேட்டிலயும் நிக்கும்."

இவ்வளவுதான் நாம் அதைப் பற்றிப் பேசியது. மகனிடம் மட்டும், "வால்வு டைட்டாப் போச்சு லே" என்பீர்கள். என்னிடம், "வயசாச்சுல்லா." அந்த உறுப்பின் பெயர் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை. மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அப்படி ஒரு சொல்லை எங்கே வைப்பது?

மாத்திரைகள் ஊரிலிருந்து வந்தன. லீவு முடிந்து திரும்பும் யாராவது கொண்டுவருவார்கள். எடை கூடிவிடும் என்று பெட்டிகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, அட்டைகளை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, கருவாட்டுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே செருகி. எல்லோரும் செய்வதுதான். பெட்டியோடு சேர்ந்து, உள்ளே மடித்து வைத்திருக்கும், எச்சரிக்கைகள் அச்சிட்ட துண்டுத்தாளும் ஊர்க் குப்பைக்குப் போய்விடும்.

உங்களுக்கு மாத்திரை விழுங்க வராது. சின்ன வயதிலிருந்தே தொண்டையில் நிற்குமாம். அத்தை பொடித்துப் பழத்தில் குழைத்துக் கொடுத்தார்கள். அத்தைக்குப் பிறகு நான். தினமும் காலை, சாயாவுக்குப் பிறகு. கரண்டியில், விரல் நுனியில், நைட்டியின் ஓரத்தில் வெள்ளைத் தூள். வயிற்றில் ஒரு கரு இருக்கிறது என்று தெரிந்த வாரத்திலும் பொடித்தேன். அதற்கடுத்த வாரங்களிலும்.

ஊரிலிருந்து வரவேண்டியவருடைய லீவு நீண்டுவிட்டது. அட்டைகள் தீர்ந்தன. நானும் உங்கள் மகனும் கீழே மருந்துக்கடைக்குப் போனோம். வியாழக்கிழமைச் சாயங்காலம், கடையில் கூட்டம். மருந்தாளுநர் மலையாளி, எங்களோடு தமிழில்தான் பேசுவார். பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் கைநீட்டினேன்.

"பொடிச்சுத்தான் தரணும், அப்பாவுக்கு முழுங்க வராது" என்றார் உங்கள் மகன். "இது பொடியுமா, இல்ல ரொம்பக் கட்டியா?"

மருந்தாளுநர் பெட்டியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தார். அப்போது லேசாகத்தான் தெரிந்தது.

"வீட்டுல யாரு பொடிக்கறது?"

"நான்தான்" என்றேன்.

"எத்தனை நாளா?"

நாட்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். அவர் முகம் மாறியதே போதுமாக இருந்தது. பெட்டியை உங்கள் மகன் பக்கம் தள்ளினார். "முழு மாத்திரையத் தொட்டாக் குழப்பமில்ல. பொடிச்சா கர்ப்பிணிங்க கிட்டயே வரக்கூடாது. ஆண்குழந்தைன்னா..." பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கே டாக்டரப் பாருங்க."

பெண் டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தூள் எவ்வளவு உடம்புக்குள் போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஒன்றுமே இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. பெண்குழந்தையாக இருந்தால் கவலையே இல்லை. ஸ்கேனில் பார்ப்போம்.

அன்று உங்கள் மகன் உங்களிடம் பேசியதைச் சமையலறையிலிருந்து கேட்டேன்.

"அப்பா, இனிமே அந்த மாத்திரைய அவ பொடிக்க மாட்டா."

"ஏன், சண்டையா?"

"புள்ளைக்கு ஆகாதாம்."

"எந்தப் புள்ளைக்கு?"

அவர் நான் இருந்த பக்கம் கையைக் காட்டியிருக்க வேண்டும். டி.வி.யின் ஒலி குறைந்தது. பிறகு உங்கள் குரல்.

"எனக்க மருந்து அவளுக்கு எப்பிடிலே போவும்?"

நான் எம்.எஸ்சி. விலங்கியல் படித்தவள். கருவியல் எனக்குப் பிடித்த தாள். கோழிக் கருவை எந்த நேரத்தில் கேட்டாலும் வரைவேன். புராஸ்டேட் பற்றிப் பாடத்தில் ஒரு வரி இருந்தது. இப்போது அந்த ஒரு வரிக்குள் நுழைய வேண்டியிருந்தது. பகலில் நீங்கள் பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கேட்டு ஜன்னலருகே எழுந்து நிற்கும் நேரங்களில், கம்ப்யூட்டரைத் திறந்து, போன் லைனில் இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருந்து, படித்தேன்.

முதல் ஏழு வாரம் ஆணும் பெண்ணும் ஒரே உருவம். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஒரு குறுகிய பாதை, அதுவும் இருவருக்கும் பொது. பிறகு ஆண் கருவின் விந்தகங்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. பத்தாம் வாரம் வாக்கில் அந்தப் பாதையின் உட்சுவரிலிருந்து மொட்டுகள் கிளம்புகின்றன. துளையில்லாத, திடமான மொட்டுகள். சுற்றியுள்ள திசுவுக்குள் புகுந்து கிளைவிடுகின்றன. பிறகுதான் நடுவில் துளை விழுந்து குழாய்கள் ஆகின்றன.

மொட்டு தானாக வளர்வதில்லை. ஹார்மோனை முதலில் கேட்பது மொட்டே இல்லை, அதைச் சுற்றியிருக்கும் திசு. அது கேட்கிறது. அது சொல்கிறது. மொட்டு வளர்கிறது. சுற்றியிருப்பது வாய் திறக்காவிட்டால் உள்ளே இருப்பது மொட்டாகக்கூட ஆகாது.

இன்னொன்று. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போதாது. அந்த இடத்திலேயே ஒரு நொதி அதை இன்னும் வலுவான வடிவமாக மாற்ற வேண்டும். புராஸ்டேட் முளைப்பதற்கும், வெளியே தெரியும் உறுப்பு சரியாக மூடி உருவாவதற்கும், சிறுநீர்த் துளை நுனியில் வந்து நிற்பதற்கும் அந்த வடிவம்தான் வேண்டும். உங்கள் மாத்திரை தடுப்பது அந்த நொதியை.

உங்களுக்குள் வீங்கியதைச் சுருக்கும் அதே தடை.

படித்ததில் ஒரு கருத்தும் இருந்தது. வயதான காலத்தில் அந்தச் சுரப்பி பெரிதாவது, கருக்காலத்தில் பேசி முடித்த பேச்சைச் சுற்றியுள்ள திசு மறுபடி தொடங்குவதால் இருக்கலாமாம். திரையை அணைத்துவிட்டு உங்களைப் பார்த்தேன். ஜன்னலருகே முதுகைக் காட்டி நின்றீர்கள். ஒரு கை இடுப்பில். ஒரே வீட்டில் ஒருவர் தொடங்குகிறார், ஒருவர் மறுபடி தொடங்குகிறார். நடுவில் ஒரு கரண்டி.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்தது. மொட்டு விடும் வாரங்கள் ஏற்கெனவே கடந்துபோயிருந்தன. நடந்தது நடந்திருக்கும், அல்லது நடக்காமல் தப்பியிருக்கும். இனிமேல் ஜாக்கிரதையாக இருந்து பெரிதாக ஒன்றும் மாறப்போவதில்லை. இதை உங்களிடம் சொல்வதற்கு நம் இருவரிடமும் சொல் இல்லை. மாத்திரையை முழுசாக விழுங்கப் பழகிவிட்டேன் என்று நீங்கள் சொன்னீர்கள். தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டினீர்கள். நாங்கள் நம்பினோம்.

நீங்கள் பெண்குழந்தை கேட்டு ஜெபம் செய்யத் தொடங்கியது அப்போதுதான். ஊரிலிருந்து உங்கள் தம்பி பேசும்போதெல்லாம், "சிங்கக்குட்டி வருது அண்ணே, வம்சத்துக்கு" என்பார். "ஒண்ணும் வேண்டாம், ஒரு பேத்தி போதும்" என்று பட்டென்று சொல்வீர்கள். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்கே கேட்கும். "யான்பு வெயில்ல அண்ணனுக்க மண்ட காஞ்சு போச்சு" என்பார்.

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் இருவர் தவிர அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் பெண்குழந்தை கேட்கவில்லை.

ஆணா பெண்ணா என்று ஊரில் என்றால் சொல்ல மாட்டார்கள். இங்கே கேட்டாலே சொல்வார்கள். ஸ்கேன் அறையின் குளிரில் டாக்டர் திரையைத் திருப்பினார். தெரிந்துகொள்ள வேண்டுமா என்றார். நான் தலையாட்டினேன். ஆண் என்றார். பிறகு வெகு நேரம் அந்தக் கருவியை வயிற்றில் நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். மறுபடி நகர்த்தினார். பார்த்தவரை சரியாகத்தான் இருக்கிறது என்றார். துளை சரியான இடத்தில் இருக்கிறதா, அது மாதிரிச் சின்ன விஷயங்கள் பிறந்த பிறகுதான் தெரியும். உள்ளே இருக்கும் புராஸ்டேட்டை இப்போது யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது, கடுகளவுதான்.

வெளியே நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"என்னவாம்?"

"பையன்பா" என்றார் உங்கள் மகன்.

எழுந்தீர்கள். மறுபடி உட்கார்ந்தீர்கள். "ஆண்டவரே" என்றீர்கள். மற்ற வீடுகளில் லட்டு வாங்கியிருப்பார்கள். நாம் டாக்ஸி பிடித்தோம். டிரைவர் ஒரு பாகிஸ்தான் பட்டாண். என் வயிற்றையும் கையிலிருந்த ஸ்கேன் உறையையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "லட்கா ஹை, பாய்?" என்று கேட்டார். ஆமாம், பையன்தான் என்றார் உங்கள் மகன். "முபாரக்! முபாரக்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். "ஷுக்ரன்" என்று அரபியில் நன்றி சொன்னது நீங்கள்தான். மரியாதை விடக் கூடாது என்பதுபோல.

அடுத்த மாதங்களில் குளியலறைக் குழாய் முன்பைவிட அதிக நேரம் ஓடியது. நான் கவனித்தேன். வேனல் வந்துவிட்டது, அடிக்கடி குளிக்கிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா ஊரிலிருந்து போன் கார்டு தீரும்வரை பேசினாள். ஏழாம் மாதம் வந்துவிடு, முதல் பிரசவம் தாய்வீட்டில்தான், ஊர் என்ன சொல்லும். நான் வரவில்லை என்றேன். காரணம் சொல்ல முடியவில்லை. எல்லாம் தெரிந்த டாக்டரின் கையில் அவன் பிறக்க வேண்டும் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை. இங்கே அதுதானே நம் ஞாயிறு. ஷார்ஜா கோவிலில் தமிழ்ப் பூசை. நீங்கள் உள்ளே வந்து உட்காராமல் பின்சுவரில் சாய்ந்து நின்றீர்கள். நற்கருணைக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. வெயில் இல்லை அங்கே, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. முகம் சாம்பலாக இருந்தது.

உங்கள் மகன் ஓடி வந்தார். "என்னப்பா?"

"காலையில இருந்து போவல லே." என் பக்கம் பார்க்காமல் சொன்னீர்கள். "ஒரு சொட்டுகூடப் போவல."

ஆஸ்பத்திரியில் உங்கள் மகனைக் கவுண்டருக்கு அனுப்பிவிட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான். டாக்டர் எகிப்துக்காரர். ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்க்க நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அரபியில் பேசத் தொடங்கினீர்கள். யான்பு அரபி. திக்கித் திக்கி, மூச்சு வாங்கி. டாக்டர் கேட்கக் கேட்கப் பதில் சொன்னீர்கள். எனக்கு ஒன்றும் புரியக் கூடாதென்றுதான் அரபியில் சொல்கிறீர்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. இரண்டே சொற்கள் பிடிபட்டன. "தவா, மாஃபி." மருந்து இல்லை.

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். "உங்கள் மாமனார் நான்கு மாதமாக மாத்திரை சாப்பிடவில்லை. உங்களுக்குத் தெரியுமா? வீட்டில் மருமகள் கர்ப்பமாம். அவருக்கு விழுங்க வராதாம், பொடித்தால் தூள் பறக்குமாம். அதனால் தினம் ஒன்றை எடுத்துக் கீழே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாராம்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தால் நான் யாரிடம் சொல்வது?"

திரைக்கு அந்தப் பக்கம் நீங்கள் அசையாமல் கிடந்தது தெரிந்தது. ஆங்கிலம் உங்களுக்குப் புரியும்.

சிறுநீர் இறங்கக் குழாய் செருகி, ஒரு பையைக் காலில் கட்டி அனுப்பினார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். பிள்ளை பிறக்கட்டும், பிறகு என்றீர்கள். டாக்ஸியில் முன்சீட்டில் நீங்கள், பின்னால் நாங்கள். எனக்குள் கோபம் கொதித்தது. எட்டாம் மாதத்துக் கோபம், மூச்சு முட்டும் கோபம்.

"ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நீங்க ரெண்டுபேரும் கரைச்சுக் குடிக்கச் சொல்லுவிய."

"அதுக்காக? நாலு மாசமா?"

"யான்புல ஒரு சட்டம் உண்டு பிள்ளே. லைன்ல லீக் இருக்குன்னு சந்தேகம் வந்தா முதல்ல வால்வ அடைக்கணும். லீக் எவ்வளவுன்னு பொறவு பாத்துக்கிடலாம். கேட்டியா?"

"நீங்க அடைச்சது உங்க லைன மாமா. வேற லைன்."

உங்கள் தோள்கள் குலுங்கின. அழுகிறீர்கள் என்று நினைத்தேன். சிரித்தீர்கள். "ஆமா பிள்ளே" என்றீர்கள். "வயசான ஃபிட்டர்லா." உங்கள் மகனும் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை. உங்கள் தியாகத்துக்கு ஒரு பலனும் இருந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். அந்த வாரங்கள் அப்போதே முடிந்துவிட்டிருந்தன. அதை அன்றும் நான் சொல்லவில்லை. டாக்ஸி அஜ்மான் எல்லையைத் தாண்டும்போது ஒன்றை நினைத்துக்கொண்டேன். பையன் முழுசாகப் பிறக்காவிட்டால் இவர் தாங்க மாட்டார். முழுசாகப் பிறந்தால் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அந்தப் பையை உங்கள் மகன்தான் காலையும் மாலையும் காலி செய்தார். நான் அருகில் வந்தால் லுங்கியை இழுத்து மூடுவீர்கள். நடுப்பகலில் நிரம்பிவிட்டால் நீங்களே சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவீர்கள். இப்போதும் குழாயைத் திறந்துவிடுவீர்கள். பழக்கம்.

அவன் பிறந்தான். அழுகை வந்தது. நான் அதைக் கேட்கவில்லை, டாக்டரின் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை மருத்துவர் அவனை விளக்குக்குக் கீழே வைத்து ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். விரல், முதுகு, கால், கால்களுக்கு நடுவே. அங்கே நிறுத்தினார். குனிந்தார். நிமிர்ந்து, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்றார்.

நீங்கள் அந்த வார்த்தையை நம்பவில்லை. வார்டுக்கு வந்து, பையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, கட்டிலருகே நின்றீர்கள். நர்ஸ் நம் பக்கத்துப் பெண், குளச்சல். துணி மாற்ற அவனைப் பிரித்துப் போட்டாள். நீங்கள் நகரவில்லை. பேரனைப் பார்க்க வந்த மனிதன் பேரனின் முகத்தைப் பார்க்காமல் நிற்கிறாரே என்று அவளுக்கு வேடிக்கை.

"என்ன மாமா, செக்கிங்கா? எல்லாம் செரியாத்தான் போட்டு அனுப்பியிருக்காரு ஆண்டவரு."

அப்போது அவன் சிறுநீர் போனான். மெல்லிய, ஒளிரும் ஒரு வளைவு. மேலே எழும்பி, அவள் சட்டைக் கையைத் தாண்டி, உங்கள் மார்பில் விழுந்தது.

"அய்யோ!" என்று அவள் பின்வாங்கினாள்.

நீங்கள் பின்வாங்கவில்லை. நனைந்த சட்டையோடு அந்த வளைவு முடியும்வரை பார்த்தீர்கள். "நேரா வருது" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, குரல் உடைந்து, "பிள்ளே, நேரா வருது. பிரஷரும் நல்லா இருக்கு." வார்டில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியாது.

நீங்கள் பின்னர் ஆபரேஷன் செய்துகொண்டீர்கள், நன்றாகவே நடந்தது. ஊருக்குப் போனீர்கள். அங்கே உயிர் போனது நெஞ்சுவலியில்தான், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அதற்கெல்லாம் முந்திய ஒரு மதியம். பெரிதாக ஒன்றும் நடக்காத மதியம்.

அவன் பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். உங்கள் மகன் வேலைக்குப் போயிருந்தார். நீங்கள் ஹாலில் அவனை மார்பில் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தீர்கள். திடீரென்று, பெற்ற மகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டீர்கள். அப்படி ஒரு குரலை அதற்கு முன் கேட்டதில்லை.

"மக்களே, இங்க வா. இது என்னது?"

அவனுடைய சட்டையைத் தூக்கிக் காட்டினீர்கள். பிஞ்சு மார்பு இரண்டும் வீங்கியிருந்தன. ஒன்றில் பால்போல ஒரு துளி.

"ஆம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு மக்களே? அந்த மருந்துதானா? சொல்லு. எங்கிட்ட மறைக்காண்டாம்."

விட்ட சட்டையை மறுபடி தூக்கிப் பார்த்தது உங்கள் கை. மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தது அந்தக் கையில் தெரிந்தது. அதற்குப் பிறகு என்னால் சுற்றி வளைக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தேன்.

"மருந்து இல்ல மாமா. இது நான். என் உடம்புல இருந்த ஹார்மோன் அவனுக்குள்ள போயிருக்கு. எல்லாப் புள்ளைங்களுக்கும் போகும். கொஞ்ச நாள்ல வத்திடும். பிதுக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"நெசமா?"

"நிஜமா. உள்ள, புராஸ்டேட்லயும் இதேதான்." சொல்லிவிட்டேன். சொல் வெளியே வந்து நம் நடுவில் நின்றது. வீடு இடிந்துவிடவில்லை. "அந்தக் குழாய்களோட உள்சுவர் என்னால தடிச்சுப் போயிருக்கும். பொறந்து சில வாரத்துல அது உதிர்ந்து சரியாகிடும். ரெண்டு மாசம் ஆகும்போது அவனே சொந்தமா ஹார்மோன் சுரப்பான், பெரியவங்க அளவுக்கு வரும். கொஞ்ச மாசம்தான். அப்புறம் அடங்கிடும்."

நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். முகத்தைத் திருப்பவில்லை.

"அடங்கி?"

"தூங்கும். அவனுக்கு மீசை முளைக்கிற வரைக்கும்."

"பொறவு முழிக்கும்."

"முழிக்கும்."

"பொறவு கடேசில ஒருநாள் எனக்க மாதிரி வால்வ நெரிக்கும்."

"எல்லாருக்கும் அப்படி ஆகாது மாமா."

அவன் முதுகை மெல்லத் தட்டினீர்கள். "தூங்கட்டும்" என்றீர்கள். "அவசரமில்ல. எழுப்பாண்டாம்."

அவனும் தூங்கிவிட்டான். உங்கள் சட்டையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து. சோபா ஓரமாகக் காலில் தொங்கிய பை நிரம்பித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நீங்களும் பார்த்தீர்கள். எழுந்தால் அவன் விழித்துவிடுவான். உங்கள் மகன் வரச் சாயங்காலம் ஆகும்.

லுங்கியை இழுத்து மூட உங்கள் கை நகரவில்லை. அது அவன் முதுகில் இருந்தது.

நான் குளியலறையிலிருந்து வாளியை எடுத்து வந்தேன். மண்டியிட்டு, பையின் அடைப்பைத் திறந்து, காலி செய்தேன்.